நாலு பேருக்கு ஒரு தொண்டை

ஜனவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், உன் பெண் வாலு, அப்பா எல்லோரும் நலமா? தம்பியிடமிருந்து போன் வராமல் கடிதம் வந்திருக்கிறதே என்று பதறாதே. நல்ல செய்திதான்.

வேறு மொழிப் படம் ஒன்றை நம் மொழியில் கொண்டுவருகிறார்கள். ஒரு டீச்சரைக் கடத்திக்கொண்டு போய் வீட்டுக்கு அடியில் உள்ள அறையில் அடைத்து வைக்கிறவனைப் பற்றிய கதை. அவனுக்கு மனநோய். ஒரே உடம்புக்குள் நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. முகம் ஒன்றுதான், பேச்சு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இந்த மாதிரி வந்தால் டப்பிங்கில் நாலு பேரை வைத்துப் பேச வைப்பது வழக்கம். எங்கள் இன்சார்ஜ், எதைப் பேசினாலும் 'ஒன்ஸ்மோர்' என்பாரே அவர், என்னைக் கூப்பிட்டு, "நாலையும் நீயே பேசுடா. ஒரே தொண்டையிலேர்ந்து வந்தாத்தான் பயமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷமாகக் கூட்டத்தோடு கூட்டமாக 'ஓடுங்க, ஓடுங்க' என்று கத்தியவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

ஒரே நிபந்தனை, படம் வெளிவரும்வரை எல்லாம் ரகசியம். போனில் யாரோடும் பேசக் கூடாது என்று கம்பெனி உத்தரவு. அதனால் நீயும் கடிதமே எழுது. வீட்டில் யார் என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று விடாமல் எழுது. காரணம் பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி

*

ஜனவரி 23

தம்பிக்கு அக்கா எழுதுவது,

இங்கே எல்லோரும் நலம். வாலு தேவைக்கு மேல் நலம். தபால்காரர் உன் கடிதத்தை நீட்டியதும் உன் அத்தான் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இந்தக் காலத்தில் யாரடா கடிதம் எழுதுகிறார்கள்? நானோ பஸ் நிலையத்து மைக்கில் நாள் முழுக்க 'இடது ஓரம் நிற்கும் வண்டி இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும்' என்று சொல்லிவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்தால் பேனாவைப் பிடிக்கக்கூட அலுப்பாக இருக்கிறது. உனக்காகப் பிடித்திருக்கிறேன்.

நாலு குரல் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "ஊரான் வாயசைப்புக்கு இவன் தொண்டையைக் கிழிச்சுக்கறான்" என்றார். கம்பவுண்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அவருக்கு உடம்பின் நினைப்புதான். கை கழுவப் போனவர் திரும்பி வந்து, "நாலுமேவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து உன்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. மருந்துக்கடையில் உட்கார மாட்டேன், குரல் தேர்வுக்குப் போவேன் என்று நீ அடம்பிடிக்க, அப்பா வாசல் கதவைப் பூட்டி சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மத்தியானத் தூக்கத்துக்குப் படுத்துவிட்டார். பின்கதவுத் தாழ்ப்பாளை நான் திறந்து, சத்தம் வராமல் இருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லி உன்னை அனுப்பினேன். நீ சுவர் ஏறிக் குதித்துப் போனாய் என்றுதான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

கதையை முழுக்க எழுது. அந்த நாலு பேர் யார் யார்? வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நாலு பேரையும் சொல்கிறேன், அத்தானிடம் மட்டும் காட்டாதே. முதல் ஆள் வேனை ஓட்டுகிறவன். அவனுக்கு எப்படிப் பேசுவது என்று யோசித்தபோது, டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்ள வந்தவர் வண்டியைச் சுவரை நோக்கி விட்டபோதுகூட, "மெதுவா... அவசரமே இல்ல... கிளட்ச்சை விடுங்க" என்ற நம் அத்தான் ஞாபகம் வந்தார். அதே குரலில், பின் சீட்டில் கட்டிப்போட்டிருக்கிற டீச்சரிடம், "பயப்படாதீங்க. சாஞ்சு உட்காருங்க. ரோடு கொஞ்சம் மோசம்" என்று பேசினேன். சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புல்லரித்த கையைத் தேய்த்துக்கொண்டார்.

இரண்டாவது, ஒரு சின்னப் பையன். அவன் டீச்சரின் எதிரே உட்கார்ந்து, "ஏன் கட்டியிருக்கு? வலிக்குதா? ஏன் வலிக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். இதற்கு நான் யாரைப் பிடித்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதே இல்லை. அவள் அம்மாதான் படித்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது, சாப்பாட்டுத் தட்டு கொண்டுவருகிற ஒரு பெண். அதாவது அவன் தன்னைப் பெண்ணாக நினைத்துக்கொள்கிற நேரம். அவளுக்கும் ஒரு குரலைப் பிடித்துவிட்டேன். யாரென்று கேட்காதே.

நாலாவது ஆள்தான் என்னைப் படுத்துகிறான். கொடியவன். அவன் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். எப்போதும் கதவுக்குப் பின்னால் இருந்து உறுமுவான், கதவு அதிரும். டீச்சரின் முகம் மட்டும்தான் திரையில் இருக்கும். அந்த உறுமல் எனக்கு வரமாட்டேன் என்கிறது. 'ஒன்ஸ்மோர்' கேட்டுக் கேட்டு இன்சார்ஜுக்கே அலுத்துவிட்டது.

படத்தின் முடிவை மட்டும் சொல்ல மாட்டேன். தியேட்டரில் பார்.

வாலுவுக்கு முத்தம்.

உன் தம்பி

*

பிப்ரவரி 18

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்பதுதான் கேள்வி.

ரகசியம் என்றாய். பிறகு முழுக் கதையையும் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். தபாலில் போனால் ரகசியம், போனில் போனால் அம்பலமா? என் காதில் பூச்சுற்றாதே. போன் பண்ணாததற்கு வேறு காரணம் இருக்கிறது. என்ன அது? தொண்டை எப்படி இருக்கிறது? நாள் பூராவும் உறுமுகிறாயே, டாக்டரிடம் காட்டினாயா?

இங்கே ஒரு கூத்து. கொஞ்ச நாளாக, நான் சாப்பிட வீட்டுக்கு வருகிற மத்தியான நேரத்தில் போன் அடிக்கிறது. எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும். நீ எழுதிய கதையைப் படித்திருந்தேனா, முதலில் பயந்துபோய் உடனே வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை கோபம் வந்துவிட்டது. "யாருப்பா நீ? வேலை வெட்டி இல்லையா? முதல்ல சாப்பிட்டியா? வெறும் வயித்தோட இருந்தாத்தான் இப்படிக் கிறுக்குத்தனமெல்லாம் தோணும். போ, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, முகத்தக் கழுவிக்கிட்டு, உருப்படற வழியப் பாரு. பெத்தவங்க உன்னை நினைச்சு எங்க உட்கார்ந்து கவலைப்படறாங்களோ" என்று மூச்சுவிடாமல் டோஸ் விட்டேன். அந்த ஆள் நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் வைத்தான். நல்ல பொறுமைசாலி. போலீசில் சொல்லலாம் என்றால் உன் அத்தான், "மெதுவா... அவசரமே இல்ல" என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

உடனே பதில் போடு.

அக்கா

*

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நீ நலமா, அத்தான் நலமா, வாலுவுக்குப் பல் விழுந்ததா, அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

மௌன போன்காரனைப் பற்றிக் கவலைப்படாதே. அவன் கெட்டவனாக இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. போலீசெல்லாம் வேண்டாம்.

கம்பெனி உத்தரவு உண்மைதான்.

அடுத்த கடிதம் பெரிதாக எழுதுகிறேன்.

தம்பி

*

மார்ச் 29

தம்பிக்கு,

எல்லோருடைய உடம்பையும் விசாரித்தாய், முட்டிவலி வரைக்கும். நான் விசாரித்த உன் தொண்டையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் வீட்டு விஷயம். வாலு அப்பாவின் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டு, அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். அப்பா கண்டுபிடித்துவிட்டார். கத்தினாரா என்றால் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேட்பாரே, அதே மெல்லிய குரலில், "வாம்மா. உட்காரு. சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். வாலுவுக்கு முகம் வெளிறிவிட்டது. கண்ணாடியை ஒப்புக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு ஓடியதை ஒப்புக்கொண்டாள். என் சீப்பைத் தெருவில் யாருக்கோ கொடுத்ததை ஒப்புக்கொண்டாள். இன்னும் என்னென்னவோ. அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. உனக்கும் எனக்கும் அந்த 'சாப்பிட்டியா' எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? இன்னும் என் முதுகு தானாக நிமிர்கிறது.

இனி உன் விஷயம். நேற்று மத்தியானம் மறுபடியும் அந்த போன். வாலு ஓடிப்போய் எடுத்துவிட்டாள். பேசாத ஆள் கிடைத்தால் அவளுக்குக் கொண்டாட்டம். பள்ளிக்கூடம், பல், கண்ணாடி, பூனை என்று அரை நாள் கதையைக் கொட்டினாள். நான் பிடுங்கிக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் ஒரு இருமல். இருமி முடித்ததும் 'ம்க்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்த 'ம்க்'கை நீ தவழ்ந்த காலத்திலிருந்து கேட்டிருக்கிறேன்டா.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறாயே, தொண்டைக்கு என்ன? உண்மையை எழுது. எழுதவில்லையானால் அடுத்த வண்டியை நானே அறிவித்துவிட்டு நானே ஏறி வந்துவிடுவேன்.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்கா,

மாட்டிக்கொண்டேன். அந்தப் பொறுமைசாலி நான்தான்.

ஜனவரி தொடக்கத்திலேயே, படம் கைக்கு வந்த ஒரு வாரத்தில், குரல் கரகரத்துவிட்டது. டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் தடிப்பு இருக்கிறது என்றார். வேலையையே விடச் சொன்னார். நான் காலில் விழாத குறையாகக் கேட்டதால், ஸ்டூடியோ மைக்கைத் தவிர வேறெங்கும் வாயைத் திறக்கக் கூடாது என்ற கண்டிப்போடு விட்டார். தடிப்பு வற்றாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டுமாம். வெட்டினால் இதே குரல் திரும்பி வரும் என்று சொல்ல முடியாதாம். இதை உனக்கு எப்படி எழுதுவேன்? நீ கதவைத் திறந்து அனுப்பியது இந்தக் குரலை நம்பித்தானே. எனக்குப் பயமாக இருந்தது அக்கா. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

மற்றபடி ஊமையாக இருப்பதில் லாபமும் உண்டு. சாப்பாட்டுக் கடைக்காரர் எனக்குப் பிறவியிலேயே பேச்சில்லை என்று நினைத்து, கையால் ஜாடை காட்டிப் பேசுகிறார். எல்லாவற்றையும் இரண்டு மடங்கு வைக்கிறார். உண்மை தெரிந்தால் என்ன ஆகுமோ. ஆனால் நாள் முழுக்கப் பேசாமல் இருக்கும்போது வீட்டுக் குரல்களைக் கேட்க வேண்டும் போல இருக்கும். அதுதான் போன். உன் டோஸை வாங்கிக் கட்டிக்கொண்ட அன்றைக்கு எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? வைத்ததும் நேராகப் போய் இரண்டு வாய் சாப்பிட்டேன்.

இப்போது நல்ல செய்தி. அந்த நாலாவது ஆளின் உறுமல்தான் தொண்டையைக் கெடுத்தது. இந்த மாதத்துக்குள் அவனை முடிக்காவிட்டால் வேலையைப் பிரித்து நாலு பேருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கதையைப் படித்துச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்கும் முதுகு நிமிர்ந்திருந்தது.

மறுநாள் மைக் முன்னால் நின்று, ஒரு சீட்டில் 'இன்று மட்டும் என் இஷ்டப்படி விடுங்கள்' என்று எழுதி இன்சார்ஜிடம் காட்டினேன். முகம் தெரியாத ஆள்தானே, உதட்டசைவுத் தொல்லை இல்லை. திரையில் டீச்சர் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து கதவைப் பார்க்கிறாள். நான் உறுமவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து, மெதுவாக, மரியாதையாக, "வாம்மா. உட்காரு. சாப்பிட்டியா?" என்றேன்.

சவுண்ட் இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார். இன்சார்ஜ் முதல் தடவையாக 'ஒன்ஸ்மோர்' சொல்லவில்லை. "இதையே வச்சுக்கடா" என்றார், அவர் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கு வலியே இல்லை. பழைய உறுமல்களை எல்லாம் அழித்துவிட்டு இப்படியே பேசிக்கொண்டு வருகிறேன்.

மறைத்ததற்குக் கோபித்துக்கொள். அடுத்த டோஸை போனிலேயே விடு, கேட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 16

தம்பிக்கு,

உன் கடிதத்தை மைக் அறையில் வைத்துப் படித்தேன். அழுதுகொண்டே அறிவித்ததில் இடது ஓரத்து வண்டியை வலது ஓரத்துக்கு மாற்றிவிட்டேன். ஒரு கூட்டமே அந்தக் கோடிக்கு ஓடியது. மேலாளரிடம் நானும் டோஸ் வாங்கினேன். அது உன் கணக்கில்.

கோபம் இருக்கிறது. நீ நன்றாகப் பேசும் நாளுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் தொண்டை விஷயத்தை மட்டும் சொன்னேன், யார் குரல் எங்கே போயிருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் நேராக மேஜைக்குப் போய், பழைய மருந்துச் சீட்டு எழுதுகிற எழுத்தில், 'வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், கொப்பளிக்க, சாப்பாட்டுக்குப் பிறகு' என்று எழுதிக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயரை மேலே எழுதியிருக்கிறார் பார்.

மத்தியானம் போன் பண்ணு. நீ வாயைத் திறக்காதே. வாலு பார்த்துக்கொள்வாள்.

அக்கா

*

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

நலம். இந்த முறை நிஜமாகவே. தடிப்பு வற்றிவிட்டது, கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதம் முடியும்வரை மட்டும் வாயைக் கட்ட வேண்டும், அப்புறம் பேசலாம்.

வெள்ளிக்கிழமை படம் வருகிறது. எல்லோரும் போங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிப் போ. ஒரு விஷயம், முடிவைத் தவறவிட்டுவிடாதே. இடைவேளையில் வாலுவுக்குக் குடிக்க ஒன்றும் வாங்கிக் கொடுக்காதே.

உன் தம்பி

*

ஜூன் 24

என் தம்பிக்கு,

எல்லோரும் நலம். படம் பார்த்துவிட்டு வந்தோம், அப்பாவும்தான். "தொண்டை எப்படி இருக்குன்னு கேட்டாத் தெரிஞ்சுடும்" என்று சட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றார்.

வேன்காரன் வாயைத் திறந்ததும் வாலு, "அப்பா, நீங்க" என்று கத்திவிட்டாள். உன் அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "சேச்சே, நான் இப்படியா இழுத்துப் பேசறேன்? மெதுவா... நல்லாக் கேளு... அவசரமே இல்ல" என்றார். பின் வரிசை முழுக்கச் சிரித்தது. ஆனால் கடத்தல்காரன் ஒவ்வொரு திருப்பத்திலும் சிக்னல் போட்டு ஓட்டியது அவருக்கு ரொம்பத் திருப்தி. சின்னப் பையன் வந்ததும் வாலு, "இவன் ஏன் இவ்ளோ கேள்வி கேட்கறான்? ஏன்மா?" என்று என்னைப் பிய்த்தெடுத்தாள். கதவுக்குப் பின்னால் இருந்து 'வாம்மா' என்று கேட்டபோது தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்பா மட்டும், "மரியாதையாத்தானே கேட்கறான், இதுக்கு எதுக்கு அந்தப் பொண்ணு இப்படி நடுங்குது?" என்றார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஆக, யாருக்கும் தன் குரல் தெரியவில்லை. எனக்கு எல்லோர் குரலும் தெரிந்தது. அந்தத் தட்டு கொண்டுவருகிறவள் மட்டும் யாரென்று பிடிபடவில்லை. யாருடா அது? வாயா அது? சோற்றை வைத்துவிட்டு அந்த டீச்சரைப் போடு போடென்று போடுகிறாள், நடுவே கண்ணையும் துடைத்துவிடுகிறாள். நம் அத்தையா, எதிர் வீட்டுக்காரியா? என் குரலாக இருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் என் குரலை நான் இத்தனை வருஷமாக லவுட்ஸ்பீக்கரில் கேட்கிறவள். நான் நிறுத்தி, நிதானமாகப் பேசுகிறவள். உன் அத்தானைக் கேட்டால் சிரிக்கிறாரே தவிர சொல்ல மாட்டேன் என்கிறார்.

முடிவை நான் பார்க்கவில்லை. நீ எச்சரித்தும் வாலு இரண்டு பாட்டில் குடித்துவிட்டாள். அவளை வெளியே கூட்டிப்போய்த் திரும்பி வந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். டீச்சர் எப்படித் தப்பித்தாள் என்று எழுது.

*

மேலே உள்ளதை எழுதிவிட்டு உறையைத் தேடப் போனேன். இப்போது மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னி.

அப்பா கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாம்மா. உட்காரு. சாப்பிட்டியா?"

சின்ன வயசிலிருந்து செய்த எல்லாத் தப்பும் வரிசையில் வந்து நின்றது. உட்கார்ந்தேன்.

"நீ அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்க்கலைல்ல?" என்றார். இல்லை என்றேன். அவரே சொன்னார். தட்டு கொண்டுவருகிறவள் கட்டை அவிழ்க்கிறாளாம். திரையில் அவள் முதுகுதான் தெரிகிறதாம். "எந்திரி. பின்கதவு திறந்திருக்கு. செருப்பைக் கையில எடுத்துக்கோ. திரும்பிப் பார்க்காம போ" என்கிறாளாம்.

அப்பா ஜன்னலைக் காட்டினார். "அன்னைக்கு நான் தூங்கலம்மா. இந்த ஜன்னல் வழியாப் பார்த்தேன். வெயில்ல வெறுங்காலோட போறான், செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு. போட்டுக்கிட்டுப் போனா என்னன்னு இத்தனை வருஷமா எனக்கு விளங்கல. தியேட்டர்லதான் விளங்குச்சு. அந்தக் குரலும் விளங்குச்சு. நீதானா?"

"நான்தாம்ப்பா" என்றேன். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"நல்ல வேளை திறந்தே" என்றார். "சாவி என் பையிலதான் இருந்துச்சு. எடுத்துக் குடுக்க எனக்கு மனசு வரல."

நான் அழுதுவிட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். நாலு பேரில் கதவைத் திறக்கிறவளுக்கா என் குரலைக் கொடுத்தாய்? படுபாவி, யாரென்று கேட்காதே என்று எழுதிவிட்டாயே. ஆனால் என் வாய் அவ்வளவு மோசமா? உண்மையைச் சொல், வேண்டாம், சொல்லாதே.

மாதம் முடிந்ததும் அப்பா உனக்கு போன் பண்ணுவதாக இருக்கிறார். நம்பரை என்னிடம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அதே பையில்தான். நீ எடுத்ததும் "சாப்பிட்டியா" என்பார். பயந்துபோய் எதையாவது ஒப்புக்கொண்டுவிடாதே. சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறார். எப்போதுமே அவர் அதைத்தான் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. வாயைத் திறந்து பதில் சொல். உன் குரலிலேயே சொல்.

அன்புடன்,
அக்கா